நாப்பது வயசுல ஏடிஹெச்டி, டிஸ்லெக்ஸியான்னு பேர் வச்சு என்ன ஆகப்போகுது?

பழையபேனா:
இப்பல்லாம் சாவிய எங்கயோ வச்சுட்டா ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காத, துறுதுறுப்பு அடங்காத கோளாறாம், புத்தகத்த பாதில மூடி வச்சா ஏடிஹெச்டி, ரெண்டு எழுத்து மாத்திப் போட்டா டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கத் தடுமாற கோளாறாம், போன்ல ஆறு கேள்விக்கு டிக் அடிச்சுட்டு "இத்தன வருஷமா எனக்கு இதான் பிரச்சனையாம்"னு ஸ்டேட்டஸ் வேற போடறாங்க, படிச்சு வேலைக்குப் போய் குடும்பம் நடத்தி நாப்பது வயசு தொட்டவங்களுக்கு இது எங்கேருந்து முளைச்சுது, நாள் பூரா ரீல்ஸ் தள்ளித் தள்ளி கவனம் போச்சுன்னு சொல்லுங்க, அத ஒத்துக்கறேன்.

ஈரத்துணி:
அண்ணா, முளைக்கலங்கறதுதான் விஷயமே. 2013-ல வந்த டிஎஸ்எம்-5ங்கற மனநல டாக்டருங்க கையேட்டுப்படி 12 வயசுக்கு முன்னாடியே அறிகுறிங்க இருந்திருக்கணும், வீடு, வேலைன்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும், பெரியவங்களுக்கு குறைஞ்சது 5 அறிகுறி, சின்னப் பசங்களுக்கு 6. நாப்பதுல புதுசா ஆரம்பிச்சா அதுக்குப் பேர் ஏடிஹெச்டியே இல்ல. நான் ஓடி ஆடற பொண்ணு இல்ல, கடைசி பெஞ்சுல கனவு கண்டுட்டு உக்காந்திருப்பேன், யாருக்கும் தொந்தரவு இல்ல, அதனால யாரும் கண்டுக்கல. நெறைய பொண்ணுங்க இப்படித்தான் விட்டுப்போறாங்க.

பழையபேனா:
கனவு காணாத பிள்ளை எது? எல்லாருக்கும் நடக்கறத வியாதிங்கறதுதான் எனக்கு உதைக்குது.

ஈரத்துணி:
எவ்வளவு நடக்குதுங்கறதுல இருக்கு அண்ணா. துணிய மெஷின்ல போட்டு மறந்து, நாத்தம் வந்து மறுபடி துவைச்சு, அதையும் மறந்து மூணாவது தடவை துவைச்சிருக்கேன், ஒரே துணி. மத்யானம் 3 மணிக்கு டாக்டர பாக்கணும்னா காலையிலேருந்து வேற ஒரு வேலையும் ஓடாது, மணிய பாத்துட்டே உக்காந்திருப்பேன், அப்படியும் லேட்டாத்தான் போவேன். இதுக்கு சோம்பேறிங்கற பேர் மட்டும் இருபது வருஷமா இலவசமா கெடச்சுது.

ஸ்கேல்பையன்:
ரீல்ஸ் கதைக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். டிஸ்லெக்ஸியாங்கற சொல்ல ருடால்ஃப் பெர்லின்ங்கற கண் டாக்டர் 1887-லயே போட்டார். 1896-ல பிரிங்கிள் மோர்கன், பெர்சின்னு 14 வயசுப் பையனப் பத்தி எழுதினார், கணக்குல கெட்டி, வாசிக்கத்தான் வராது. அப்ப ஏது அண்ணே போன்?

எனக்கும் அதே கதைதான். வரிக்குக் கீழ ஸ்கேல் வச்சாத்தான் கண்ணு அடுத்த வரிக்குத் தாவாது. மீட்டிங்ல "இத கொஞ்சம் வாசிங்க"ன்னு பேப்பர நீட்டினா பாத்ரூம் போறேன்னு எழுந்துடுவேன். அதையே யாராவது படிச்சுக் காட்டினா ஒரே தடவைல மண்டைல ஏறிடும்.

பழையபேனா:
தம்பி, ர-வா ற-வா, ல-வா ள-வான்னு எனக்கும்தான் இன்னிக்கு வரைக்கும் குழப்பம்.

ஸ்கேல்பையன்:
அது எல்லாருக்கும் இருக்கற ஸ்பெல்லிங் தடுமாட்டம். நான் சொல்றது எழுத்தையும் சத்தத்தையும் கோக்கற இடத்துல வர்ற சிக்கல். தப்பில்லாமகூட வாசிச்சுடுவேன், ஆனா மாடிப்படி ஏறின மாதிரி மூச்சு வாங்கும், முடிக்கும்போது முதல் வரி மறந்திருக்கும்.

குறட்டை:
பழையபேனா சொல்றதுல பாதி நியாயம் இருக்குங்க. நானும் அதே ஆறு கேள்விக்கு டிக் அடிச்சுட்டு ஏடிஹெச்டிதான்னு முடிவோடதான் டாக்டர்கிட்ட போனேன், அவர் தூக்கத்தப் பத்தியே கேட்டுட்டிருந்தார், கடைசில பாத்தா தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதாம், பகல்ல கவனம் எங்க நிக்கும். தைராய்டு, மனச்சோர்வு, பதட்டம் எல்லாமே இதே வேஷம் போடும். அந்தக் கேள்வித்தாள் "போய்ப் பாரு"ன்னு மட்டும்தான் சொல்லும், தீர்ப்பு கிடையாது. அப்புறம், நண்பனோட ஏடிஹெச்டி மாத்திரைய வாங்கிப் போட்டுப் பாக்காதீங்க, இதயம், பிபி பாத்துட்டுத்தான் குடுக்கணும். அது டிஸ்லெக்ஸியாவுக்கான மருந்தும் இல்ல.

பழையபேனா:
இதத்தானே நானும் கத்திட்டிருக்கேன்! என் கோவம் எங்கேருந்துன்னு சொல்றேன். கூட வேலை செய்யறவர் ஒவ்வொரு டெட்லைனுக்கும் ஏடிஹெச்டின்னுட்டு கெளம்பிடறார், ராத்திரி உக்காந்து முடிக்கறது நான். எனக்கு யார் பேர் வைப்பாங்க?

ஈரத்துணி:
அந்தக் கோவம் நியாயம் அண்ணா, அவர் செய்யறது தப்பு. பேர் தெரிஞ்சப்புறம் நான் வேலைய துண்டு துண்டா கேட்டு வாங்கறேன், வாயால சொன்னத மெயில்ல போடச் சொல்றேன், முடியாதுன்னா முந்தின நாளே சொல்லிடறேன். பேர் தெரியாதப்ப அழுதுட்டு பொய் சொல்லிட்டிருந்தேன். அவர்கிட்டயும் இப்படிக் கேளுங்க, பேரப் பத்திப் பேசாதீங்க, எந்தத் துண்டு எப்ப வரும்னு கேளுங்க.

பழையபேனா:
கேட்டுப் பாக்கறேன். ஆனா ரீல்ஸ் விஷயத்துல நான் எறங்கி வரல.

ஸ்கேல்பையன்:
வர வேணாம் அண்ணே, ஒரே ஒரு உதவி. உங்க முதல் போஸ்ட் முழுசும் ஒரே வாக்கியம், மூணு தடவை ஸ்கேல் வச்சேன். கொஞ்சம் பிரிச்சு எழுதுங்க.

பழையபேனா:
சரி.
பிரிச்சு எழுதறேன்.
கருத்து அதேதான்.