ஜெர்மனியில் இன்ஜினியரிங்: எந்த வழி நல்லது?

வணக்கம். என் தங்கை மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஜெர்மனியில் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பி1 (இடைநிலை) வரை ஜெர்மன் மொழியும் படித்துவிட்டாள்.

நம் பிளஸ் டூவை மட்டும் வைத்து அங்கே நேரடியாகச் சேர முடியாது. வெளிநாட்டு மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் ஸ்டூடியன்கொலெக்கில், இன்ஜினியரிங் போகிறவர்களுக்கான டி-கோர்ஸை இரண்டு செமஸ்டர் படித்து இறுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையென்றால் இங்கேயே முதலாண்டு இன்ஜினியரிங்கை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ அட்வான்ஸ்டும் ஒரு வழிதான், ஆனால் அவள் எழுதவில்லை.

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பதுதான் எங்களுக்குத் தைரியம். நடுத்தரக் குடும்பம், ஒரு வருடம் வீணானாலும் தாங்காது.

டி-கோர்ஸ் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஸ்டூடியன்கொலெக்கில் சேர எழுதும் நுழைவுத் தேர்வில் கணக்கு கடினமா, ஜெர்மன் கடினமா? முதலாண்டை இங்கே முடித்துப் போனவர்களும் சொல்லுங்கள். அடுத்த வாரம் இங்கே கல்லூரியில் பணம் கட்ட வேண்டும்.