கேஜ் பிரஷருக்கு என்ன சொல் போடலாம்: மானி அழுத்தமா, வளிமேல் அழுத்தமா?

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்.ஐ.யை, அதாவது சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டுங்கிற அழுத்த அலகை, கிலோபாஸ்கலா மாத்துற அட்டவணைக்குத் தலைப்பு தேடப்போய் நம்ம பேச்சு இப்ப கேஜ் பிரஷர்ல, அதாவது வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுன்னு எண்ணுற அழுத்தத்துல, வந்து நிக்குது, நின்னது நல்லதுதான், சிக்கல் முழுக்க அங்கதான் இருக்கு. பெருக்குறது பெரிய வேலை இல்ல. 1 பி.எஸ்.ஐ.ன்னா 6.895 கிலோபாஸ்கல், 1 பார்னா 14.5 பி.எஸ்.ஐ., போன்ல தட்டினா வந்துடும். அந்த எண்ணை எங்கேருந்து எண்ண ஆரம்பிச்சாங்கன்னு தெரியாமப் பெருக்கினா விடை சரியா வரும், ஆனா வேலை கெட்டுப்போகும்.

நான் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊர்ல பாய்லர் பக்கம் வேலை செய்றவன், அதனால நீராவிக் கணக்கையே எடுத்துக்கிறேன். செம்பனை ஆலையில குலையை வேகவைக்கிற கலத்துல மானி 40 பி.எஸ்.ஐ. காட்டும், அது வெளிக்காத்துக்கு மேல உள்ள 40. கிலோபாஸ்கல்ல 276. இந்த 276ஐ அப்படியே தூக்கிட்டுப்போய் நீராவி அட்டவணையில பார்த்தா சுமார் 131 டிகிரின்னு இருக்கும். அந்த அட்டவணையோ வெற்றிடத்துலேருந்து எண்ணினது, அதனால வெளிக்காத்தோட 101ஐக் கூட்டி 377ல பார்க்கணும், அப்பதான் 141 டிகிரின்னு சரியான விடை கிடைக்கும். 10 டிகிரி வித்தியாசம் லேசான விஷயமா? புதுசா வர்ற தம்பிங்க பாய்லர் வேலைக்கான ஸ்டீம் டிக்கெட் பரீட்சைக்குப் படிக்கிறப்ப தடுமாறுற இடமே இதுதான், கணக்கு வராததால இல்ல, ரெண்டுக்கும் பிரஷர்னு ஒரே பேரைச் சொல்லிக்கிட்டு இருக்கிறதால.

பழைய முறையில இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. பி.எஸ்.ஐ.ஜி., பி.எஸ்.ஐ.ஏ.ன்னு அலகுக்குப் பின்னாடியே எழுத்தை ஒட்டிடுவாங்க, ஜின்னா கேஜ், ஏன்னா வெற்றிடத்துலேருந்து எண்ணுற அப்சல்யூட். பாஸ்கல் பக்கம் வந்தா அது கூடாது, எஸ்.ஐ. முறையில அலகுக்கு வால் ஒட்டக்கூடாது, எந்த அழுத்தம்னு அளவோட பேர்லதான் சொல்லணும். அப்ப பி.எஸ்.ஐ.ஜி.யைக் கிலோபாஸ்கலா மாத்துற நிமிசத்துல அந்த ஜி காணாமப்போயிடுது, அது சுமந்த சேதியை நம்ம தமிழ்ச்சொல் சுமந்தாகணும், அதுக்காகத்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுறேன்.

"மானி அழுத்தம் போதும்"னு மேல அண்ணன் எழுதியிருந்தாங்க. மலாய்லயும் தெக்கானான் தோலோக்னு அதே வழியிலதான் போயிருக்காங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல அதைக் கேட்டுப் பழகினவங்க, அதெல்லாம் சரிதான் அண்ணே. ஆனா வெற்றிடத்துலேருந்து எண்ணின முழு அழுத்தத்தைக் காட்டுற மானியும் கடையில கிடைக்குதே, அது காட்டுறதும் மானியில தெரியிற அழுத்தம்தான? கருவி எதுன்னு சொல்றோமே தவிர எங்கேருந்து எண்ணினோம்னு இந்தச் சொல் சொல்லலை.

மிகை அழுத்தம், மேலழுத்தம்னு வேற ரெண்டு பேர் சொன்னீங்க. ரெண்டுமே ரத்த அழுத்தத்துல போய் மோதுது. மிகைன்னா நோய்னு நினைப்பாங்க, மேலழுத்தம்னா கிளினிக்ல சொல்ற மேல் எண், 120. இதுல இன்னொண்ணு பாருங்க, அந்த 120 மில்லிமீட்டர் பாதரசமே வெளிக்காத்துக்கு மேல எண்ணினதுதான், வெளிக்காத்து 760 தனியா இருக்கு, யாரும் அதைக் கூட்டிச் சொல்றதில்ல. டயருக்குக் காத்து அடிக்கிற 220 கிலோபாஸ்கலும், அதாவது 32 பி.எஸ்.ஐ.யும், அதே ரகம்.

அதனால நான் முன்வைக்கிறது வளிமேல் அழுத்தம். வளிமண்டலத்துக்கு மேல எவ்வளவுன்னு சொல்லே சொல்லிடுது. வளி ஏட்டுச்சொல்னு சொல்றவங்களுக்கு, வளிமண்டலம் நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க படிக்கிற சொல்தான். வெளிக்காத்து மாறினா இந்த எண்ணும் மாறும்ங்கிறதும் இதுல புரிஞ்சிடும். இறுக்கி மூடின ஒரு கலத்தை பினாங்கு மலை புக்கிட் பெண்டேரா உச்சிக்குத் தூக்கிட்டுப் போனா, சூடு மாறலைன்னு வச்சுக்குவோம், உள்ள ஒண்ணும் மாறியிருக்காது, ஆனா 800 மீட்டருக்கு மேல வெளிக்காத்து ஏறக்குறைய 9 கிலோபாஸ்கல் குறைஞ்சிருக்கும், மானி அவ்வளவு ஏத்திக் காட்டும். மானி அழுத்தம்னு பேர் வச்சா இது ஏன்னு விளக்க ஒரு பக்கம் எழுதணும்.

இன்னொரு பக்கத்துக்கு, அதான் அப்சல்யூட் பிரஷருக்கு, தனி வெப்பநிலை மாதிரி தனி அழுத்தம்னு பாடநூல் வழியில போகலாம்னு ஐயா சொன்னீங்க. எனக்கு அதுல ஒரு பயம் ஐயா, கலவை வாயுவுல ஒவ்வொரு வாயுவுக்கும் தனித்தனியா உள்ள அழுத்தம்னு பிள்ளைங்க எடுத்துக்குவாங்க, அது பகுதி அழுத்தம், முழுக்க வேற. முழு அழுத்தம்னு போட்டா வெளிக்காத்தையும் சேர்த்ததுன்னு கேட்ட உடனே தெரியும்.

யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு, நீங்க அமுக்கம்னு சொல்றதால ஒரு இடைஞ்சலும் இல்ல, வளிமேல் அமுக்கம்னு அப்படியே பொருந்துது.

கடைசியா ஏர்கோன் வேலை செய்றவங்க பாடு. அவங்க நீல மானியில பூஜ்யத்துக்கு மேல பி.எஸ்.ஐ., கீழ இஞ்சு பாதரசம், ஒரே முகத்துல ரெண்டு அலகு, ரெண்டு திசை. கீழ் பக்கத்துக்கு வளிக்கீழ் அழுத்தம்னு வச்சுக்கலாம். 1 இஞ்சு பாதரசம் 3.386 கிலோபாஸ்கல், அப்ப வேக்குவம் பம்பு 20 இஞ்சு இழுத்திருந்தா வளிக்கீழ் 67.7, அதை வெளிக்காத்து 101.3லேருந்து கழிச்சா முழு அழுத்தம் 33.6. அட்டவணையில இந்த வரிசைக்கு மட்டும் கழிக்கணும்னு பக்கத்துலயே போட்டுடணும், மத்ததுக்கெல்லாம் கூட்டல். அந்தத் தொழில்ல இருக்கிறவங்க யாராச்சும் வளிக்கீழ்ங்கிறது வாயில வருதான்னு சொல்லிப் பார்த்து எழுதுங்க, வரலைன்னா வேக்குவம்ங்கிறதையே விட்டுட்டு மத்த ரெண்டையும் உறுதி பண்ணிடலாம்.