ஆட்டம், ஓட்டம், ஆய்வேடு: எதைக் குறைப்பது?

மோக்கா மாணவி:
வணக்கம். மொரீஷியஸில் மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பிஏ தமிழ், கடைசி வருடம். ஆய்வேட்டுக்கு மொரீஷியஸ் தமிழர்களின் குடும்பப் பெயர்கள். காலையில் ரெதுயி மரீஸ் ஜுஸ்தேன் ஸ்டேடியத்தில் 1500 மீட்டர் பயிற்சி. சாயங்காலம் பரதம், மே மாத நிகழ்ச்சிக்கு ஒரு வர்ணம், அதாவது நீளமான ஒரு நடன உருப்படி. இரவில் ஆய்வேடு, அதாவது லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது.

இரண்டு வாரமாக இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. கோச் ஆட்டத்தை விடச் சொல்கிறார். டான்ஸ் டீச்சர், ஓடி ஓடித்தான் அரைமண்டி (முழங்காலை மடக்கி நிற்கும் நிலை) கெட்டுப்போச்சு என்கிறார். அம்மாவுக்கோ பத்து நாள் காவடி விரதத்தின் மேல்தான் சந்தேகம். கோவிலில் ஏழு வகைக் காய்கறியோடு போடும் ஏழு கறிச் சாப்பாட்டை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது கணக்கில் வராது போல! நான் எதை விட?

சலங்கை அக்கா, காத்ர் போர்ன்:
தங்கச்சி, முதலில் தரையைப் பார். நான் ஒரு நாள்கூட ஓடியதில்லை, எனக்கும் இதே வலி வந்தது. சிமெண்டு மேல் டைல்ஸ் ஒட்டிய கூடத்தில் மூன்று வருடம் தரையில் காலைத் தட்டித் தட்டித் தட்டடவு போட்ட பலன். மரத்தளம் கிடைக்காவிட்டால், வேகப் பயிற்சி உள்ள நாளில் காலைத் தட்டாதே. அன்றைக்கு உட்கார்ந்து ஜதி (தாளச் சொற்கள்) சொல், முகபாவமும் கை முத்திரையுமான அபிநயம் மட்டும் பார். விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுருக்கென்றாலோ, படுத்த பிறகும் வலித்தாலோ டாக்டரிடம் போ. எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். அதுவரை ஆட்டமும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம்.

சேந்தெனிக்காரன், ரெயூனியன்:
காலைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் தலைப்பு மலை மாதிரி இருக்கிறது, அதைக் குறையுங்கள். ‘முத்துசாமி’ ஒன்று போதும். எங்கள் ரெயூனியன் தீவில் பிரெஞ்சு எழுத்தர்கள் ‘உ’ ஒலிக்கு ஓ, யு (ou) என்று இரண்டு எழுத்து போட்டார்கள். நடுவில் ஒற்றை எஸ் இருந்தால் இசட் மாதிரி ஒலிக்கும் என்பதால் அதை இரட்டித்தார்கள். உங்கள் தீவு 1810இல் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, அதனால் அங்கே இரண்டு ஓ (oo), பெரும்பாலும் ஒற்றை எஸ். பெயர் ஒன்றுதான், எழுதிய கை வேறு. உங்கள் நிறுவனத்திலேயே குடியேறிகளின் பதிவேடுகள் இருக்கும்போது ஏன் தீவு முழுக்க அலைகிறீர்கள்?

மோக்கா மாணவி:
அக்கா, எங்கள் கூடமும் டைல்ஸ்தான்! அழுத்திப் பார்த்தேன், ஒரு புள்ளியில் இல்லை, நீளமாக வலிக்கிறது. ஆனாலும் திங்கட்கிழமை காட்டிவிடுகிறேன். டீச்சரிடம் பேசியாச்சு, செவ்வாயும் வியாழனும் அபிநயம் மட்டும். (முகம் சுளித்தார். அதுவும் அபிநயம்தான்.)

சேந்தெனி அண்ணா, முத்துவையே எடுத்துக்கொள்கிறேன். நேற்று ஓடக் கூடாது என்று தெருவில் நடந்தேன். எதிரெதிர் வீட்டுத் தபால்பெட்டிகளில் ஒரு முத்துவுக்கு இரண்டு ஓ, இன்னொருவருக்கு ஓவும் யுவும். இருவரும் ஒரே தாத்தாவின் பேரன்களாம். பதிவேட்டில் அந்தத் தாத்தாவின் அப்பாவைத் தேட முடியுமா என்று நாளைக்குக் கேட்கப் போகிறேன்.