அம்மம்மாவின் கல்வெட்டில் அம்மம்மா: உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்?

கோண்டாவில்:
அம்மம்மா இறந்த 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்கவேண்டும் என்று மாமா சொன்னபோது சித்தி கேட்டா: "தேவாரம், திதி வெண்பா, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் வரும். அதுக்குள்ள எங்கட அம்மா எங்க?"

அவையெல்லாம் இருக்கத்தான் வேண்டும், எதையும் எடுக்கவில்லை. நடுவில் குடும்பத்தாரின் கதைகளைச் சேர்த்தோம். மாமா வாட்ஸ்அப்பில் ஒரு நிபந்தனை போட்டார்: "அன்பானவ, பண்பானவ எண்டு எழுதாதேங்கோ. அவ செய்ததை எழுதுங்கோ." எழுத வராதவர்கள் குரல்பதிவு அனுப்பினார்கள். அவர்களின் பேச்சைத் திருத்தாமல் அப்படியே அச்சில் போட்டோம்.

அதிகம் வந்தது 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே போருக்குப் பயந்து, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் பக்கத்துத் தென்மராட்சிக்கு நகர்ந்துகொண்டிருந்த இரவு. அம்மம்மா தையல் மெசினின் தலையைக் கழற்றி, சேலையால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டினாவாம். இது மாமா எழுதியது. உரப்பையில் போட்டுக் கட்டியது தங்கள் ஐயா (அப்பா) என்கிறா சித்தி. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போட்டிருக்கிறோம். போய்ச் சேர்ந்த தென்மராட்சிக் கொடிகாமத்தில் மெசினுக்கு மேசையும் இல்லை, மிதிக்கிற கட்டையும் இல்லை. பலகைமேல் வைத்து, சித்தி சில்லைக் கையால் சுற்ற, அம்மம்மா துணியைத் தள்ளித் தைப்பாவாம். கூலி சிலநேரம் அரிசி. அந்த அரிசியில்தான் எங்கள் அம்மா வளர்ந்தா என்பதே அந்தப் பக்கத்தை வாசித்துத்தான் எனக்குத் தெரியும்.

ஸ்காபரோ, கனடா:
நாங்கள் ஐயா இருக்கும்போதே, 80ஆவது பிறந்தநாளுக்கு இப்படியொரு புத்தகம் செய்தோம். முடிந்தால் எல்லோரும் அப்படிச் செய்யுங்கோ, அவர்களே வாசிக்கட்டும். ஐயா ரெயில்வேயில் வேலை பார்த்தவர். பேரன் "தாத்தா யாழ்தேவி ஓட்டினார்" என்று எழுதியிருந்தான். ஐயா பென்சிலால் வெட்டி, ஓரத்தில் "நான் கார்ட். கொடி காட்டினால்தான் ரெயின் வெளிக்கிடும்" என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பென்சில் எழுத்தை ஸ்கான் பண்ணி அப்படியே சேர்த்தோம். புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். 1990இல் நின்ற ரெயில் பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை திரும்பத் திறந்தபிறகு ஊருக்குப் போய் யாழ்தேவியில் ஏறினார். அந்தக் கதையை அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள்.

நல்லூர்:
இரண்டு விஷயம் சொல்கிறேன். பழைய படங்களின்கீழ் யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதுங்கோ, மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு. எங்கள் அப்பப்பாவின் கலியாணப் படத்தில் இரண்டுபேரை இப்போது ஒருவருக்கும் தெரியாது. அடுத்தது, ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கோ. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம (டிஜிட்டல்) வடிவில் சேர்த்து வருகிறார்கள். நினைவு மலர்களும் அதில் இருக்கின்றன. 1981இல் யாழ் நூலகம் எரிந்த ஊர் நாங்கள். வீட்டு அலுமாரியில் மட்டும் வைத்திருக்காதேங்கோ.