‘தி ஜங்கிள்’ நாவலால் யாருக்கு விடிந்தது?

கரிசல்காரன்: அமெரிக்கச் செவ்வியல் நாவல்கள் சமூகத்தையே புரட்டிப் போட்டன என்று நேற்று இந்த மன்றத்தில் வடபழனி வாசகன் அளந்ததைப் படித்தேன். அப்டன் சின்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ சிகாகோ இறைச்சிக்கூடத் தொழிலாளிகளுக்கு விடிவு தந்ததாம். எந்த விடிவு? 1906 ஜூனில் வந்தவை இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் உணவு, மருந்துச் சட்டமும். தின்கிறவனுக்குப் பாதுகாப்பு, வெட்டுகிறவனின் கூலி பற்றி மூச்சே இல்லை. மக்கள் நெஞ்சைக் குறிவைத்தேன், வயிற்றில் பட்டுவிட்டது என்று ஆசிரியரே நொந்துகொண்டார். அதிலும் நாவலில் வரும், கொதிக்கும் கொப்பரையில் ஆள் விழுந்து பன்றிக்கொழுப்போடு கடைக்குப் போனான் என்பது சுத்தக் கட்டுக்கதை.

வடபழனி வாசகன்: 1904இல் ஏழு வாரம் அங்கேயே சுற்றித் திரிந்து எழுதியவர் ஐயா அவர். நீங்கள் எந்தக் கொப்பரையை எட்டிப் பார்த்தீர்கள்?

கரிசல்காரன்: நாவலைப் பற்றி விசாரிக்க அன்றைய அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அனுப்பிய நீலும் ரெனால்ட்ஸும் பார்த்தார்களே. அழுக்குத் தரையில் கிடந்த இறைச்சியை வாரிப் போட்டதைக்கூட அறிக்கையில் எழுதினார்கள். கொப்பரையில் விழுந்த ஆளை எழுதவில்லை. எழுதவில்லை என்றால் இல்லை.

முத்துச்செல்வி: இறந்தவர்களின் மனைவிகளை முதலாளிகளே சொந்த நாட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று சின்க்ளேர் சொன்னாரே. சாட்சியை அனுப்பிவிட்டுச் சாட்சி எங்கே என்று கேட்பதா? சரி, நாவலில் லிதுவேனியாவிலிருந்து வந்த நாயகன் யூர்கிஸின் குடும்பத்தை வீட்டுத் தவணையில் ஏமாற்றியது, அவன் மனைவி ஓனாவை மேலாள் மிரட்டிப் பணிய வைத்தது, பொய் வயது காட்டிப் பையனை வேலைக்கு அனுப்பியது, இதெல்லாம் சமூகப் பிரச்சினை இல்லையா?

கரிசல்காரன்: பேச்சை மாற்றாதீர்கள் அம்மா. கொப்பரைக்கு வாருங்கள்.

வடபழனி வாசகன்: 1930இல் நோபல் வாங்கியது அப்டன் சின்க்ளேர் என்று போன மாதம் இங்கே எழுதியவர்தானே நீங்கள்? அது சின்க்ளேர் லூயிஸ். ஆளையே மாற்றிப் போட்டவர் கொப்பரைக்குள் ஆள் தேடுகிறார்.

கரிசல்காரன்: அது தட்டச்சுப் பிழை.

முத்துச்செல்வி: முழு ஆளுமா தட்டச்சுப் பிழை?

புதியவன்: ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ பற்றியும் பேசலாமே…

கரிசல்காரன்: அதற்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி. இங்கே கொப்பரை. வாசகனுக்கு ஒரு கேள்வி: கடைசி அத்தியாயங்களில் வரும் சோஷலிச மேடைப்பேச்சைத் தாண்டினீர்களா, இல்லை பாதியில் மூடி வைத்துவிட்டு வந்து பெருமை பேசுகிறீர்களா? பரிசோதனைச் செலவுகூட அரசின் தலையில்தான் விழுந்தது, முதலாளி கையிலிருந்து போகவில்லை. இதுதான் உங்கள் புரட்சி. கொப்பரையில் விழுந்த ஒருவனின் பெயரைச் சொல்லுங்கள். ஒரே ஒரு பெயர்!

வடபழனி வாசகன்: லூயிஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் எந்தப் பெயரும் பொருந்துமே.

கரிசல்காரன்: கிண்டல் பதிலாகாது. நாளை நீல், ரெனால்ட்ஸ் அறிக்கையோடு வருகிறேன். அதுவரை யாரும் இழையைப் பூட்ட வேண்டாம்.

முத்துச்செல்வி: வரும்போது நாவலையும் எடுத்து வாருங்கள். ஆசிரியர் பெயரைப் பார்த்து எடுங்கள்.