.30 கார்பைன் ரிவால்வர்: தோட்டா போட்டால் சிலிண்டர் இறுகுகிறது

கேள்வி:
வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். .30 கார்பைன் தோட்டா போடும் பழைய சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் ஹேமரை, அதாவது பின்னால் உள்ள சுத்தியலை, கையால் இழுத்துச் சுடும்) ரிவால்வர் ஒன்று வாங்கினேன். காலியாக இருந்தால் சிலிண்டர் நன்றாகச் சுற்றுகிறது. தோட்டா நிரப்பினால் ஒன்றிரண்டு அறை நகர்ந்ததும் இறுகிவிடுகிறது, ஹேமரை இழுக்கவே முடியவில்லை. கடையில் வாங்கிய புதுத் தோட்டாவில் இந்தத் தொல்லை இல்லை. விற்றவர் கூடவே கொடுத்த, வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாக்களில் மட்டும்தான். துப்பாக்கியில் கோளாறா?

பதில்:
சுடுவதற்கு முன்பே இறுகுகிறதா, சுட்ட பிறகா? சேம்பருக்குள், அதாவது தோட்டா உட்காரும் அறைக்குள், எண்ணெய் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
முன்பே. உள்ளே துடைத்துக் காய்ந்துதான் இருக்கிறது.

பதில்:
சரி, அப்படியானால் எண்ணெய்ப் பிரச்சினை இல்லை. அது ஏன் கேட்டேன் என்றால், 1961-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி .22 ஜெட் தோட்டாவுக்கான ரிவால்வர் விட்டபோது, அந்தத் தோட்டாவின் கழுத்து குறுகிய உலோக உறை சுட்டதும் பின்னால் தள்ளி சிலிண்டரைப் பூட்டிவிடும். சேம்பரில் எண்ணெய் இருந்தால் இன்னும் மோசம். அதெல்லாம் சுட்ட பிறகு வருவது.

உங்களுக்குத் தோட்டாதான் காரணம். .30 கார்பைன் 1941-இல் அமெரிக்க ராணுவத்தின் எம்1 கார்பைன் என்ற குட்டை ரைஃபிளுக்காக வந்தது. ரிவால்வர் தோட்டாவைப் போல அடியில் வெளியே நீட்டும் விளிம்பு இதற்குக் கிடையாது. உறையின் வாய்தான் சேம்பரில் முட்டி நிற்கும். உறை நீண்டுபோனால் அடிப்பக்கம் அந்த அளவுக்கு வெளியே வந்து சிலிண்டருக்குப் பின்னால் உள்ள தட்டில் உரசும். சிலிண்டரைத் தனியே கழற்றி, புதுத் தோட்டா ஒன்றையும் பழையது ஒன்றையும் பக்கத்துப் பக்கத்து அறையில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்புறம் காலிப்பரால் உறையை அளங்கள்: 1.290 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நீளம் சரியாக இருந்தும் வெளியே நின்றால், சுட்டதில் விரிந்த பழைய உறையைச் சரியாகப் பழைய அளவுக்குச் சுருக்காமல் நிரப்பியிருக்கிறார்கள்.

இன்னொருவர்:
நீளத்தைக் குறைக்கிறேன் என்று அதிகம் வெட்டிவிடாதீர்கள். உறை உள்ளே போய்விடும், ஃபயரிங் பின் அடித்தாலும் வெடிக்காமல் போகலாம். காதுக்குப் பாதுகாப்பும் அவசியம். 1944-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதே தோட்டாவுக்கு ஒரு ரிவால்வர் செய்து சோதித்தது. 4 அங்குலக் குழலில் நொடிக்கு 1,277 அடி வேகம் வந்தும் ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. கார்பைனின் 18 அங்குலக் குழலுக்கான வெடிமருந்து குட்டைக் குழலில் முழுவதும் எரியாமல் வெளியே வந்து வெடிக்கும், சத்தம் தாங்காது.

கேள்வி கேட்டவர்:
அளந்துவிட்டேன். இறுகுபவை எல்லாம் 1.296, 1.298. புதுசு 1.286. நிரப்பியதை அப்படியே வெட்டலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம். யார் எவ்வளவு மருந்து போட்டார் என்று தெரியாத தோட்டாவைச் சுடவும் கூடாது. பிரித்து, காலி உறையை மட்டும் வைத்துக்கொண்டு வெட்டிப் புதிதாக நிரப்புங்கள்.