புதுப்பிப்பு: தாம்பரம் ஃபிளாட், அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை

தாம்பரம் பக்கம் பழைய ஃபிளாட், 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்) சுத்தம், அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதிவானவை மட்டுமே அதில் வரும், பதிவாகாத உயிலோ வாரிசு பாத்தியதையோ வராது என்றீர்கள். வக்கீலும் அதையே சொல்லி, விற்பவரின் அப்பாவுடைய வாரிசுச் சான்றைக் கேட்டார். அதில் விற்பவரின் அக்கா பெயரும் இருக்கிறது! ("அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார்" என்கிறார் புரோக்கர்.) அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து தந்தால்தான் மேலே பேச்சு.

விற்பவர் துபாய்வாசி என்பதால் வரிப்பிடித்தமும் (விலையிலிருந்து வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) மாறுகிறது. 50 லட்சம் முதல் 1 சதவீதம் என்பது இந்தியாவில் வசிப்பவர் விற்றால்தான். இவருக்குத் தொகை வரம்பே கிடையாது, விகிதமும் அதிகம். பிடிக்காமல் விட்டால் வாங்குபவர் தலையில் விழும். அடுத்து ஆடிட்டரைப் பார்க்க வேண்டும்.